நூற்றொரு புள்ளிகளும் ஆடிக் கிருத்திகையும்

ஆடி மாதத்தில் சந்திரன் கிருத்திகை நட்சத்திரத்தில் சஞ்சரிக்கும் நாள் எது என்னும் கேள்வி, திருத்தணியைப் பொறுத்தவரையில், பஞ்சாங்கம் கணிப்பவர்களுக்கு மட்டுமே உரிய கேள்வியன்று. மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருப்பவரும், காவடிக்கு நேர்ந்துகொண்டு விரதம் தொடங்க வேண்டியவரும், எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் குடும்பத்தோடு புறப்பட வேண்டியவர்களும், கூடுதல் பேருந்துகளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய அதிகாரிகளும் அந்த ஒரு நாளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவர்கள். அவர்களில் எவரும் கணிதம் என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. ஆயினும் அவர்கள் கேட்பது ஒரு சார்பைப் பற்றிய கேள்வியே. காலத்தை ஓர் எண்ணாகக் கொடுத்தால், ராசி மண்டலத்தின் 360 பாகைகளுள் சந்திரன் எந்தப் பாகையில் நிற்கிறது என்பது மற்றோர் எண்ணாக விடை கிடைக்கிறது. அந்த விடை மேஷத்தின் 26 பாகை 40 கலைக்கும் ரிஷபத்தின் 10 பாகைக்கும் இடையே விழுமானால் அது கிருத்திகை.

புள்ளியியல் கணிப்புக்கென்று உருவான ஆர் என்னும் மென்பொருளைத் தம் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு, சார்புகளை வரைபடமாக இடுவது எப்படி என்று அதன் உதவிப் பக்கங்களைப் பார்த்துத் தாமே கற்றுக்கொள்ள முற்படும் மாணவனோ மாணவியோ இந்த ஊரில் இருந்தால், அவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க உதாரணம் இதுவே என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் கண்டதில்லை. ஏனெனில், வளைகோடு ஒன்றை வரையக் கற்றுக்கொள்வதில் உள்ள சூட்சுமம் முழுவதும் இந்தச் சந்திரனுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதோடு, இந்தச் சூட்சுமத்தைத் தமிழ்நாட்டுப் பஞ்சாங்க மரபு நூற்றாண்டுகளாகக் கையாண்டும் வந்திருக்கிறது.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸ் முதலியோர் 1976இல் தொடங்கிய எஸ் என்னும் மொழியைப் பின்பற்றி, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் ஆரை உருவாக்கினார்கள், 1995இல் அது எவரும் விலையின்றிப் பெறவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தி மீண்டும் வழங்கவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளாயிற்று, 1.0.0 என்ற முதல் முழுப் பதிப்பு 2000ஆம் ஆண்டின் மிகுநாளாகிய பிப்ரவரி 29 அன்று வெளியாயிற்று. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு விளக்கப் பக்கம் மென்பொருளுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. இணையத் தொடர்பு அறுந்துபோன நேரத்திலும் அந்தப் பக்கம் திறக்கும் என்பது, மலைச்சரிவுகளும் மின்வெட்டும் உள்ள சிற்றூர்களில் வசிப்போருக்குச் சிறிய வசதியன்று.

சார்புகளை வரைவதற்கென்றே உள்ள கட்டளையின் பெயர் கர்வ். கேள்விக்குறி ஒன்றை இட்டு அந்தப் பெயரைத் தட்டினால் அதன் பக்கம் விரியும். முதலில் ஒரு வரியில் விளக்கம். பின்னர்க் கட்டளையை எழுதும் முறை. அதன்பின் அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகளின் பட்டியல். அப்புறம் நுணுக்கங்கள், திரும்பக் கிடைக்கும் விடை, தொடர்புடைய பிற கட்டளைகள், கடைசியாக உதாரணங்கள். இந்த ஒழுங்கு, ஏற்கெனவே அறிந்தவர் மறந்ததை நினைவுபடுத்திக்கொள்ளத் தகுந்த ஒழுங்கேயன்றி, அறியாதவர் முதன்முதலாக நுழைவதற்கேற்ற ஒழுங்கன்று. ஆகவே புதிதாக வருபவர் பக்கத்தின் அடியிலிருந்து, அதாவது உதாரணங்களிலிருந்து, மேல்நோக்கிப் படித்துச் செல்வதே நலம் என்று நான் சொல்வேன். உதாரணங்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. எக்சாம்பிள் என்னும் கட்டளைக்குள் கர்வ் என்ற பெயரை இட்டால் அவை அனைத்தும் தாமே ஓடிப் படங்களாக விரியும்.

விரிந்த படங்களைப் பார்த்து மகிழ்ந்து பக்கத்தை மூடிவிடுபவர்கள் அநேகர். அந்த உதாரணங்களுள் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. ஒரு கோசைனை ஓர் அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கி, அந்தப் பெருக்கத்தின் சைனை எடுத்து, எதிர்க்குறி 8 முதல் 7 வரை வரையச் சொல்கிறது அது. இடப்பக்கத்தில் அந்தச் சார்பு மிக விரைவாக மேலும் கீழும் அதிர்கிறது. வலப்பக்கம் செல்லச் செல்ல அடங்கி அமைகிறது. அதை வரையும் இடத்தில், எத்தனை புள்ளிகளில் சார்பைக் கணக்கிட வேண்டும் என்னும் எண், 2001 என்று தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. காரணம் சொல்லப்படவில்லை. காரணத்தை அறிய விரும்புபவர், எந்த மதிப்பும் கொடுக்காதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் எண் 101 என்று பக்கத்தின் மேற்பகுதியில் எழுதியிருப்பதைக் கண்டு, 2001ஐ நீக்கி 101ஐ இட்டு மறுபடி வரைந்து பார்க்க வேண்டும். அப்பொழுது இடப்பக்கத்தின் அதிர்வுகள் கோணல்மாணலான சில முறிகோடுகளாகச் சிதைந்து போவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். சார்பு மாறவில்லை, கட்டளை மாறவில்லை, பார்த்த இடங்களின் எண்ணிக்கை மட்டுமே குறைந்தது.

கணினி வளைகோடு வரைவதில்லை. நுணுக்கங்கள் பகுதியில் இது மறைவின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது: கொடுத்த எல்லைகளுக்குள் சம தூரத்தில் அத்தனை புள்ளிகளை எடுத்து, அங்கெல்லாம் சார்பின் மதிப்பைக் கண்டு, அந்தப் புள்ளிகளை இடுகிறது, வேறொன்றும் சொல்லாவிட்டால் அவற்றை நேர்கோடுகளால் இணைத்தும் விடுகிறது. இரு முனைகளையும் சேர்த்து 101 புள்ளிகள் என்றால் இடையே சரியாக நூறு பகுதிகள். அந்த நூறு பகுதிகளுக்குள்ளே சார்பு என்ன செய்தது என்பதைப் பற்றிக் கணினிக்கு யாதொரு ஞானமும் இல்லை. இதை ஐயமறத் தெரிந்துகொள்ள விரும்புபவர், சைன் சார்பை 0 முதல் பையின் 200 மடங்கு வரை வரையச் சொல்லிப் பார்க்கட்டும். அந்த இடைவெளிக்குள் அது நூறு முறை ஏறி இறங்குகிறது. ஆனால் நூறு பகுதிகளாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழுச் சுற்றின் முடிவில் சரியாகச் சென்று விழுவதால், கணினி கண்ட மதிப்புகள் யாவும் ஏறத்தாழச் சுழியமே. நூறு அலைகளில் ஒன்றுகூடப் படத்தில் வராது. எண்களின் கடைசி இலக்கங்களில் நேரும் மிக நுண்ணிய பிசகு மட்டுமே ஒரு கோடாகத் தெரியும்.

இனிச் சந்திரனுக்கு வருவோம். சந்திரனுடைய சராசரி நாட்கதி 13 பாகை 10 கலையும் சற்று மிகையும். அது நீள்வட்டத்தில் செல்வதால் உண்மைக் கதி சில நாட்களில் 12 பாகைக்கும் குறைந்து, சில நாட்களில் 15 பாகையைத் தாண்டுகிறது. தொடக்க மாணவர் இதை இரண்டு உறுப்புகளால் எழுதிவிடலாம்: நாட்களின் எண்ணிக்கையைச் சராசரிக் கதியால் பெருக்கி ஆரம்ப நிலையைக் கூட்டுவது ஒன்று, நீள்வட்டத்தினால் வரும் ஏற்றத்தாழ்வை, 27.55 நாட்களுக்கு ஒருமுறை மீளும் ஒரு சைனாக, சுமார் 6.3 பாகை வீச்சுடன் சேர்ப்பது மற்றொன்று. அவ்விரண்டின் கூட்டுத்தொகையை 360ஆல் வகுத்து மீதியை எடுத்தால் சந்திரனின் இடம், பெரும்பான்மையும் ஒன்றிரண்டு பாகைப் பிழைக்குள், கிடைத்துவிடும்.

இந்தச் சார்பைக் கர்வ் கட்டளையிடம் கொடுத்து, 0 முதல் 365 நாள் வரை வரைக என்று சொன்னால் நிகழ்வது யாது? நூறு பகுதிகளாகப் பிரிப்பதால் புள்ளிக்குப் புள்ளி 3.65 நாள், அதற்குள் சந்திரன் ஏறத்தாழ 48 பாகை, அதாவது மூன்றரை நட்சத்திரங்களுக்கு மேல், கடந்து போய்விடுகிறது. ஓர் ஆண்டில் பதின்மூன்றோ பதினான்கோ முறை கிருத்திகை வருகிறது. 101 புள்ளிகளுள் கிருத்திகையின் 13 பாகை 20 கலைக்குள் விழக்கூடியவை மூன்று அல்லது நான்கு. மற்றக் கிருத்திகைகள் படத்தில் இல்லை. சந்திரன் அவற்றைத் தாண்டிச் சென்றது மட்டுமே சாய்ந்த ஒரு கோடாகத் தெரிகிறது. இந்தப் படத்தை நம்பி ஒருவர் ஆடிக் கிருத்திகையைத் தேடினால், அது கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

திருத்தணி மலைக்கு ஏறும் 365 படிகளும் ஆண்டின் 365 நாட்களைக் குறிப்பவை என்று கொண்டு, டிசம்பர் 31ஆம் தேதி இரவில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடியபடி ஏறிச் செல்லும் திருப்படித் திருவிழாவை இவ்வூரார் அறிவர். அடிவாரத்தையும் ஒரு நிலையாகச் சேர்த்தெண்ணினால் நிற்குமிடங்கள் 366. அதே எண்ணைக் கர்வ் கட்டளைக்கும் கொடுத்தால் நாளுக்கொரு புள்ளி அமைந்துவிடும். பதின்மூன்று கிருத்திகைகளும் அநேகமாகக் கண்ணுக்குப் புலனாகும். அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம், சந்திரன் மிக விரைந்து செல்லும் காலத்தில் ஒரு நட்சத்திரத்தை ஒரு நாளுக்குள்ளாகவே கடந்துவிடுவதுண்டு என்பதே. அந்தச் சந்தேகமும் தீர வேண்டுமானால் 8761 என்று கொடுத்து மணிக்கொரு புள்ளியாக வரையலாம். இன்றைய கணினிக்கு அது கண்ணிமைக்கும் பொழுதும் பிடிப்பதில்லை.

படத்தில் இன்னொரு விபரீதமும் உண்டு. சந்திரன் 359 பாகையைத் தாண்டி மறுபடி சுழியத்தில் தொடங்கும் இடத்திலெல்லாம், மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய செங்குத்தான ஒரு கோடு வீழ்கிறது. வானத்தில் அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை. ரேவதியின் முடிவும் அசுவினியின் தொடக்கமும் அருகருகே இருப்பவை. எண்களில் மட்டுமே அவை 360க்கும் 0க்குமாகப் பிரிந்து நிற்கின்றன. இரண்டு புள்ளிகளை இணைப்பதே தன் கடமை என்று கொண்ட கணினி, இல்லாத பாதை ஒன்றை இட்டுவிடுகிறது. கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகளாகவே இடுக என்று சொன்னால் அந்தப் பொய்க்கோடுகள் மறைகின்றன. டேன் சார்பை வரைபவருக்கும் இதே அனுபவம் நேரும். வரைபடத்தில் காணும் கோடுகளில் எது சார்பினுடையது, எது கணினி தன்னிச்சையாக இட்டது என்று பகுத்தறியும் பழக்கமே இந்தக் கல்வியின் தலையாய பயன் என்று நான் கருதுகிறேன். நிறங்களை மாற்றுவதும், தலைப்பு இடுவதும், அச்சுகளை அலங்கரிப்பதும் பின்னர் தாமே வந்து சேரும்.

கிருத்திகையா, அன்றா என்று விடை சொல்லும் மற்றொரு சார்பை மாணவர் எழுத விழையும்போது வேறொரு தடை எதிர்ப்படுகிறது. பாகை இந்த இரு எல்லைகளுக்குள் இருந்தால் 1, இல்லையேல் 0 என்று, இஃப் என்னும் நிபந்தனைச் சொல்லைக்கொண்டு இயல்பாக எழுதுவார். தனியோர் எண்ணைக் கொடுத்தால் அது சரியாகவே விடை சொல்லும். கர்வ் கட்டளையிடம் கொடுத்தாலோ பிழை என்று நின்றுவிடும். இதன் காரணம், கட்டளையானது எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஒவ்வொரு விடையாகப் பெறுவதில்லை. 101 எண்களையும் ஒரே வரிசையாகக் கொடுத்து 101 விடைகளை ஒரே வரிசையாகத் திரும்ப எதிர்பார்க்கிறது. இஃப் என்பதோ ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்கே விடை சொல்லத் தெரிந்தது. முன்னாட்களில் அது முதல் எண்ணை மட்டும் சோதித்து, ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு மேலே நடந்துவிடும். 2022இல் வெளியான 4.2.0 பதிப்பு முதற்கொண்டு பிழை என்று அறிவித்து நிறுத்தியே விடுகிறது. தவறான விடையோடு தொடர்ந்து போவதைக் காட்டிலும் நின்றுவிடுவது உத்தமம் என்பதில் எனக்கு ஐயமில்லை. வரிசை முழுவதற்கும் விடை சொல்லவல்ல இஃப்எல்ஸ் என்னும் கட்டளையைக்கொண்டு எழுதினால் வேலை முடிந்தது. எக்காலத்தும் 5 என்றே விடை தரும் சார்பை வரையச் சொன்னாலும் இதே தகராறுதான். 101 எண்களுக்கு ஒற்றை விடை போதாது என்று கட்டளை மறுத்துவிடும்.

இவற்றையெல்லாம் புதிய விஷயங்கள் என்று எண்ணுபவர்கள் வாக்கிய பஞ்சாங்கத்தின் உள்ளமைப்பைச் சற்று நோக்க வேண்டும். சந்திரன் தன் நீள்வட்டத்தில் ஒன்பது சுற்றுகள் முடிக்க ஏறத்தாழச் சரியாக 248 நாட்கள் ஆகின்றன என்பதைப் பண்டைய கணிதர்கள் கண்டிருந்தார்கள். ஆகவே, அந்த 248 நாட்களுக்கும் நாளுக்கொன்றாகச் சந்திரனின் இடத்தை ஒரே முறை கணித்துவைத்துக்கொண்டால், பிறகு எக்காலத்துக்கும் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எஞ்சும் சிறு பிசகைப் போக்க 110 சுற்றுகள் கொண்ட 3031 நாட்கள், 449 சுற்றுகள் கொண்ட 12372 நாட்கள் என்னும் பெரிய வட்டங்களையும் அமைத்தார்கள். 3031ஐ 110ஆல் வகுத்தால் கிடைக்கும் கால அளவு இக்கால வானியல் தரும் அளவோடு ஒரு நாளின் இலட்சத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போவதை யாரும் தம் கையால் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணித்த 248 மதிப்புகளையும், ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும் கடபயாதி முறைப்படி, மனனம் செய்யத்தக்க 248 வடமொழி வாக்கியங்களாக இயற்றினார்கள். அவை வரருசியின் பெயரால் வழங்குகின்றன. இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட நாழிகைக்கு இடம் வேண்டுமானால், அவ்விரு வாக்கியங்களின் வித்தியாசத்தை விகிதப்படி பகிர்ந்துகொள்வார்கள். கர்வ் கட்டளை 101 புள்ளிகளை எடுத்து நேர்கோட்டால் இணைக்கும் செயல் எதுவோ, அதுவே இங்கு 248 புள்ளிகளில் நடந்திருக்கிறது. எத்தனை புள்ளிகள் போதும் என்று நிர்ணயித்த அந்தக் கணிதரின் விவேகத்தை நான் வணங்குகிறேன். சுற்று மீளும் காலத்தை அளந்தறிந்தே அவர் எண்ணை முடிவுசெய்திருக்கிறார்.

சென்னை வானாய்வு நிலையத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்திய ஜான் வாரன், 1825இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரியில் வசித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தமக்குச் சந்திரகிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்திலிருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, ஏடும் எழுத்தும் இன்றி அவர் கணித்தார். 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரங்களுக்கும் உண்மை நேரங்களுக்கும், பின்னாளில், 1952இல், வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நியூகெபவர் தம் ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டியபடி, தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமுமே வேறுபாடு. அந்தக் கணிதருக்கு வானியலின் கோட்பாடு ஏதும் தெரியாது, ஞாபக சக்தி மட்டுமே அபாரமாக இருந்தது என்றும் வாரன் எழுதியிருக்கிறார்.

இந்தக் கடைசி வாக்கியம் என் மனத்தை நெடுங்காலமாக உறுத்தி வருகிறது. வாரனின் மதிப்பீட்டில் ஆட்சியாளரின் அலட்சியம் சிறிது கலந்திருக்கலாம். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அதில் உண்மை உண்டு. விடைகள் வாக்கியங்களாகத் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தன. அந்த விடைகளைத் தந்த சார்பு எங்கோ பின்தங்கிவிட்டது. சந்திரனுக்கு நம் பழைய நூல்கள் கொண்ட ஏற்றத்தாழ்வு 5 பாகையே. இன்று நாம் கொள்வது 6.3 பாகை. பழையவர்கள் கிரகணங்களைக் கொண்டு, அதாவது பௌர்ணமியையும் அமாவாசையையும் கொண்டு, அளந்தார்கள். அந்நாட்களில் சூரியனுடைய ஈர்ப்பினால் விளையும் வேறொரு திரிபு அந்த வீச்சை ஏறத்தாழ 5 பாகையாகவே குறைத்துக் காட்டுகிறது என்பதால், கிரகணங்களுக்கு அவர்களுடைய எண் சரியான எண். பாதி நிலவு நாட்களிலோ அது பிசகும். வாக்கியமும், இக்கால வானியலைக்கொண்டு கணிக்கும் திருக்கணிதமும் சில நாட்களில் நாழிகைக்கணக்கில் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் வாக்கியங்களை மட்டும் மனனம் செய்தவருக்கு, பிசகு எங்கே வரும் என்று ஊகிக்க வழியில்லை. அவர் கையில் புள்ளிகள் இருந்தன, புள்ளிகளுக்கு மூலமான விதி இல்லை.

எக்சாம்பிள் கட்டளையை ஓட்டிப் படத்தைக் கண்டு அமைந்துவிடும் மாணவருடைய நிலையும் அதுவே. பிறர் எழுதிய வரிகளைப் பிரதி செய்து, ஓட்டி, வந்த படத்தை ஏட்டில் ஒட்டித் தேர்வில் மதிப்பெண் பெறுகிறவர்களை நம் கல்லூரிகளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; அவர்களை நான் குறைகூறவில்லை, அவர்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. ஆனால் அந்தப் பழைய கணிதருக்கு இல்லாத வாய்ப்பு ஒன்று இவர்களுக்கு உண்டு. கர்வ் என்ற பெயரை, அடைப்புக்குறி இன்றி, வெறுமனே தட்டினால், அந்தக் கட்டளையை ஆக்கிய நிரல் முழுவதும் திரையில் எழுத்தாக விரிகிறது. எல்லைகளை எங்கே பெறுகிறது, புள்ளிகளை எங்கே பிரிக்கிறது, வரிசையின் நீளம் ஒத்திராவிட்டால் எங்கே நிறுத்துகிறது என்பதெல்லாம் சில பத்து வரிகளுக்குள் காணக்கிடக்கிறது. விதியை மறைத்து விடையை மட்டும் கொடுக்கும் சம்பிரதாயம் இங்கே இல்லை. உதவிப் பக்கமும் தன் குறைகளை ஒளிப்பதில்லை: எல்லைகளைக் கொடுக்காமல் விட்டால் நடப்பது சிக்கலான கதை என்று அதுவே ஒப்புக்கொள்கிறது, ஏற்கெனவே உள்ள படத்தின்மேல் மற்றொரு கோட்டைச் சேர்க்க விரும்பினால் பிளாட் கட்டளையில் அது வியப்பூட்டும்படி நடந்துகொள்ளலாம், ஆகவே கர்வ் கட்டளையிலேயே செய்க என்றும் எச்சரிக்கிறது. இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட பாடநூல்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஒன்றன்மேல் ஒன்றாகக் கோட்டைச் சேர்க்கும் அந்த வசதி திருத்தணிக்காரருக்கு விசேஷமாகப் பயன்படும். இந்த ஊர் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனால் காலக்கணக்கு எல்லைக்கோட்டைக் கேட்டு மாறுவதில்லை. தெருவுக்குத் தெரு தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குவதுபோலவே, சூரியனைக்கொண்டு மாதம் எண்ணும் சௌரமானமும் அமாவாசையைக்கொண்டு மாதம் எண்ணும் சாந்திரமானமும் ஒரே வீதியில் வழங்குகின்றன. யுகாதியும் சித்திரை வருடப்பிறப்பும் வெவ்வேறு நாட்களில் வருவதற்குக் காரணம் கேட்கும் சிறுவனுக்கு, சந்திரனின் படத்தின்மேல் சூரியனின் கோட்டையும் வேறு நிறத்தில் வரைந்து காட்டலாம். சூரியன் ஆண்டு முழுவதும் நிதானமாக ஒரே கோட்டில் ஏறுகிறது. சந்திரன் அதே காலத்தில் பதின்மூன்று முறைக்கு மேல் ஏறி மீள்கிறது. இரண்டும் சந்திக்கும் இடங்கள் அமாவாசைகள். அங்கே தெலுங்கு மாதங்கள் தொடங்குகின்றன. சூரியன் முப்பது முப்பது பாகைகளாகத் தாண்டும் இடங்களில் தமிழ் மாதங்கள் தொடங்குகின்றன. சூரியன் ஒரே ராசியில் இருக்கையில் இரண்டு சந்திப்புகள் நேர்ந்துவிட்டால் அது அதிக மாதம். ஆடிக் கிருத்திகை என்பதோ, சூரியன் கடகத்தில் 90க்கும் 120க்கும் இடையே நிற்கையில் சந்திரன் கிருத்திகையில் வந்து சேரும் நாள். மாதத்தைச் சூரியனும் நாளைச் சந்திரனும் தீர்மானிக்கும் திருவிழா. ஆடிக்கு 31 நாட்கள், சில ஆண்டுகளில் 32. சந்திரன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27.3 நாட்கள், எஞ்சும் நான்கு நாட்களால் ஆறேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆடியில் இரண்டு கிருத்திகைகள் வந்துவிடும். இதுவும் அந்தப் படத்திலேயே தெரியும்.

தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் மொழியும், பைபிளாட் கொண்டு வரைபடம் இடும் முறையும் தமிழிலேயே அச்சாகி வந்திருக்கின்றன, மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பள்ளியைத் தாண்டிய மாணவர் தாமாக ஒன்றைத் தேடிப் போகும்போது எதிர்ப்படும் உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆரின் பிழைச் செய்திகள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன. உதவிப் பக்கங்களோ அவ்வாறு பெயர்க்கப்படவில்லை. கணிதம் நன்கு அறிந்தும் ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகள், வரிசை, நீளம், எல்லை, புள்ளி என்னும் எளிய கருத்துக்களைக்கூட வேற்றுமொழியின் திரைக்குப் பின்னால் தேட வேண்டியிருக்கிறது. தேடிச் சலித்தவர்கள், பிறர் எழுதியதைப் பிரதி செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். கோட்பாட்டை அறியாமல் சோழியை நகர்த்தும் நிலைக்கு அவர்களை நாமே தள்ளுகிறோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆர் கட்டற்ற மென்பொருள். அதன் விளக்கப் பக்கங்களை மொழிபெயர்க்கவும் விரித்தெழுதவும் உரிமம் இடந்தருகிறது. யாருடைய அனுமதியையும் வேண்டி நிற்க வேண்டியதில்லை. ஆகவே கணிதமும் புள்ளியியலும் கற்பிக்கும் ஆசிரியர்களை, முக்கியமாக இந்த எல்லைப்புற ஊர்களில் இருப்பவர்களை, நான் கேட்டுக்கொள்வது இது: கர்வ் என்ற அந்த ஒரு பக்கத்தை முதலில் தமிழில் எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம், உதாரணங்களிலிருந்து தொடங்குங்கள், அவற்றோடு சந்திரனையும் சேருங்கள். 101ஐ 366 ஆக்கினால் என்ன தெரிகிறது, 8761 ஆக்கினால் என்ன தெரிகிறது என்று மாணவர்களையே மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஆடிக் கிருத்திகை எந்த நாளில் வருகிறது என்பதை அவர்களே கணித்து, பஞ்சாங்கத்தோடு ஒப்பிடட்டும். வேறுபட்டால் ஏன் வேறுபட்டது என்று எழுதித் தரட்டும்.